அட்டையின் கடைசி வரி

“விழுந்தாராம்மா, இல்ல உக்காந்த மேனிக்கேவா?”

பேட்டரிக் கடைக்காரர் காதருகே குனிந்து கேட்டபோது மகள் வாடகை நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போயிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றை இழுத்தால் இரண்டு சேர்ந்து வந்தன. அவள் கேட்காதவள் போல நாற்காலியை உதறினாள்.

“திடீர்னு ஆயிடுச்சு அண்ணே. நீங்க உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. பதில் போதவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

சாவு வீட்டில் கேட்பதற்கென்று சில கேள்விகள் உண்டு. வயசு என்ன, சர்க்கரை இருந்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டார். இந்தத் தெருக்காரர்கள் காலையிலிருந்து அதையெல்லாம் ஒரு தாவாகத் தாவி, விழுந்தாரா என்ற இடத்தில் வந்து நின்றார்கள். தையல் மெஷின் பழுது பார்ப்பவர் கேட்டார். மாவு மில்காரர் கேட்டார். மில்காரரின் மனைவி, மூக்கைச் சிந்திக்கொண்டே, “தரை ஈரமா இருந்துச்சோ?” என்றாள். ஈரமாக இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்பது போல இருந்தது அந்தக் குரல்.

ஏன் கேட்கிறார்கள் என்று மகளுக்குத் தெரியும். அதனால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறவர்களில் யார் அப்பாவுக்காக அழுகிறார்கள், யார் தங்கள் வீட்டுக்காக அழுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. அப்படிப் பார்க்கிற தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பா கூடத்தில் படுத்திருந்தார். தெருவுக்கே கண்ணாடிக்காரர். முன்னறையில் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. மூக்கின் இரண்டு பக்கமும் பதிந்துபோன பள்ளத்தோடு அந்தக் கதவுக்குள் போவதும் வருவதுமாகவே வாழ்ந்து முடித்துவிட்டார். இப்போது பள்ளம் மட்டும் இருந்தது, கண்ணாடி இல்லை.

“கண்ணாடியை எடுத்துட்டு வந்து போட்டு விடுடி,” என்றாள் அம்மா. “யாரோ மாதிரி இருக்கார்.”

“கடையில இருக்கும்மா. எடுத்துட்டு வரேன்.”

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது வற்றிய கண், ஆனால் பிடி தளரவில்லை. “அவர் எதுக்கு அந்த நாற்காலில போய் உக்காந்தார்? கண்ணு பாக்க வர்ற ஆளுங்க உக்காருற நாற்காலி. ஒரு நாளும் அதுல உக்காந்ததில்லையே மனுஷன்.”

“கால் வலிக்குதுன்னார்.”

“கால் வலியா? என்கிட்ட சொல்லாத கால் வலி?”

மகள் கையை விடுவித்துக்கொண்டாள். அம்மா நம்பவில்லை. பெற்றவளிடம் பொய் சொல்லும்போது மட்டும் நாக்கு ஏனோ தடித்துவிடுகிறது.

எல்லாம் அந்த அட்டையால் வந்தது.

வெள்ளெழுத்து பார்ப்பதற்கு எந்தக் கண்ணாடிக் கடையிலும் ஓர் அட்டை இருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அப்பாவிடம் இருந்த பழைய அட்டை ஓரம் கிழிந்து, நடுவில் டீ கொட்டி, பார்வை நன்றாக இருக்கிறவனுக்கே மங்கலாகத் தெரிகிற கதிக்கு வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் வங்கிக்குப் புதிதாக வந்த கடன் பிரிவுப் பையன் கண்ணாடி மாட்ட வந்தான். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பான். தெரு அவனுக்கு டைக்காரன் என்று பெயர் வைத்தது. அட்டையைப் பார்த்தான். கொஞ்ச நாளில் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட புது அட்டையோடு வந்தான். காசு வேண்டாம், எங்கள் அன்பளிப்பு என்றான். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மேலே கட்டை விரல் பருமனில், ‘கவலை இல்லாத கடன்.’ அடுத்த வரி, ‘வீட்டுக்கு, தொழிலுக்கு, பிள்ளைகள் படிப்புக்கு.’ மூன்றாவது வரி செய்தித்தாள் எழுத்து அளவில், ‘கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனைக் குடும்பம் கட்ட வேண்டியதில்லை.’ அதன் முடிவில் நட்சத்திரம் போல ஒரு புள்ளி. அப்பா அதை ஈ எச்சம் என்று நினைத்து இரண்டொரு முறை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்வது போல ஒரு வரி.

அப்பாவின் கணக்கு சுலபமானது. மூன்றாவது வரி படித்தால் போதும், பேப்பர் படிக்கலாம், கண்ணாடி தயார். யாராவது ஆர்வக் கோளாறில் கடைசி வரிக்கு முகத்தைச் சுருக்கினால், “அது அச்சகத்து விலாசம். அவங்களுக்குக் கடுதாசி போடப் போறீங்களா?” என்பார். அப்படித்தான் டைக்காரன் அவருக்குச் சொல்லியிருந்தான். மகள் அவரோடு கடையில் நின்று லென்ஸ் தேய்த்தவள், கண் கூர்மையானவள், அவளும் அதைப் படித்ததில்லை. அச்சகத்து விலாசத்தை யார் படிப்பார்கள்?

ஆக, தெருவில் வயதானவர்கள் அத்தனை பேரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது வரியை வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். ஒரு லென்ஸ் போட்டு ஒரு தடவை, மாற்றிப் போட்டு இன்னொரு தடவை. “சத்தமா, சத்தமா,” என்பார் அப்பா. கண்ணாடி கைக்கு வருவதற்குள் வரி நெஞ்சில் ஏறிவிடும். மற்றவன் சொன்னால் சந்தேகம் வரும், தன் வாயாலேயே படித்ததில் என்ன சந்தேகம்? போதாததற்கு, லென்ஸின் பவர் பார்க்கிற புது மெஷினைத் தட்டிக் காட்டி, “நானே வாங்கியிருக்கேன் பாருங்க. வீட்டையும் கடையையும் எழுதிக் குடுத்துதான் வாங்கினேன். எனக்கென்ன பயம்? நான் போனா கடனும் போச்சு,” என்பார்.

இப்போது போய்விட்டார். கடனும் போகிறதா என்று பார்க்கத் தெருவே வந்திருந்தது.

ஏனென்றால் இஸ்திரிக்காரம்மாவின் கதை எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். மழைக்காலத்தில் அவள் கணவன் காய்ச்சலில் போனான். நீராவி இஸ்திரிப் பெட்டி வாங்கின கடன் பாக்கி இருந்தது. வங்கி அதைத் தள்ளுபடி செய்யவில்லை. விபத்தில் செத்தால்தானாம், வியாதியில் செத்தால் இல்லையாம். அவள் ஏதோ காகிதம் கொண்டு போகாமல் விட்டிருப்பாள் என்று தெரு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. இப்போது கண்ணாடிக்காரர் விழுந்து செத்திருந்தால் சொன்ன சொல் நிற்கும். நெஞ்சு வலியில் செத்திருந்தால் எல்லார் அடிமடியிலும் கை விழும்.

மகள் நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அரை இருட்டில் ஓர் ஆள் சுவரோரம் நின்று, ஆணியிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தான்.

“என்ன சார் தேடறீங்க?”

டைக்காரன் திடுக்கிட்டுத் திரும்பினான். சாவு வீடு என்பதால் டையைச் சட்டைப் பைக்குள் சொருகியிருந்தான். கையில் அட்டை.

“ஒண்ணுமில்லம்மா. இது ரொம்பப் பழசாயிடுச்சு. புதுசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்.”

“இன்னிக்கேவா?”

“வந்தது வந்தோம்னு…”

“துக்கம் கேக்க வர்றவங்க கையில அட்டையோட வருவாங்களா?”

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். வெளியூரில் பள்ளிக்கூட குமாஸ்தா. விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அப்பாவைவிட டைக்காரனைத்தான் அதிகம் தேடினான் என்று அவளுக்குத் தோன்றியது. இருவரும் பார்த்துக்கொண்ட விதத்தில், இந்தப் பேச்சு வாசலிலேயே ஒரு முறை நடந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

“அவர் நமக்கு நல்லதுதான் சொல்றார். கேளு,” என்றான் அண்ணன்.

டைக்காரன் குரலைத் தாழ்த்தினான். “ஐயா வழுக்கி விழுந்து தலையில அடிபட்டதாத்தான் எனக்குத் தகவல்.”

“யார் சொன்னா?”

“பக்கத்துல இருந்தவங்க சொன்னாத்தானே? நீங்கதான் இருந்தீங்க. பாத்தேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். மீதிக் கடன் மொத்தமும் தள்ளுபடி. வீட்டுப் பத்திரம் கைக்கு வந்துடும்.”

வங்கிக்காரன் வலிய வந்து நல்லது செய்கிறான் என்றால் மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவள் அட்டையைப் பார்த்தாள்.

“உங்களுக்கு இதுல என்ன சார்?”

“ஐயா எனக்கு அப்பா மாதிரிம்மா.”

“அதைத் தள்ளி வெச்சுட்டுச் சொல்லுங்க.”

அவன் டையைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். “தெரு பூரா ஐயாவைப் பாத்துதான் கையெழுத்துப் போட்டாங்க. ஐயா கடனே தள்ளுபடியாச்சுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் ஒரு நிம்மதி. வீணா யாரும் பேங்க் வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க. அடுத்து வாங்கறவங்களும் தைரியமா வாங்குவாங்க.”

“இஸ்திரிக்காரம்மா?”

“அது காய்ச்சல்மா. அந்தக் கேஸ் வேற.”

“அச்சகத்து விலாசம்னு சொன்னீங்களாமே, எங்கப்பாகிட்ட?”

“நானா?” டைக்காரன் சிரித்தேவிட்டான், உடனே இடம் நினைவு வந்து முகத்தை மாற்றிக்கொண்டான். “ஐயாவுக்குத் தெரியாம இருக்குமா? எழுத்தே அவர் தொழில். இத்தனை வருஷம் கையில வெச்சிருந்தவர் படிக்காமலா இருந்திருப்பார்?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிட மோசம், அண்ணன் தரையைப் பார்த்தான். அவனும் அப்படித்தான் நினைக்கிறான். தெருவும் அப்படித்தான் நினைக்கும். தெரிந்தே சொன்னார், கமிஷன் வாங்கியிருப்பார், வங்கி கொடுத்த சுவர்க் கடிகாரம் சும்மாவா வந்தது. நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். வியாபாரத்துக்காகக்கூட ஒரு பவர் கூட்டிச் சொல்லாத மனிதரை.

“ஒரே ஒரு கையெழுத்து,” என்றான் அண்ணன். “அப்பா விழுந்தார்னா அவர் சொன்னது நிஜமாயிடும். பேரும் நிக்கும், வீடும் நிக்கும். அம்மாவை எங்க கொண்டுபோய் வெப்பே? எனக்கு ஒண்டுக் குடித்தனம். யோசி.”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அப்பாவை இரண்டடி நகர்த்திக் கீழே விழவைத்தால் எல்லாம் நேராகிவிடும். பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்? அவள் அலமாரித் தட்டிலிருந்து அப்பாவின் கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். “முதல்ல இதைப் போட்டுட்டு வரேன்,” என்றாள். டைக்காரன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தான்.

கூடத்தில் இஸ்திரிக்காரம்மா வந்திருந்தாள். அழவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

“நேத்து நான் வந்தப்ப இதையும் குடுத்து விட்டார்,” என்றாள் அம்மாவிடம். “தேய்ச்சுட்டேன். எங்க வைக்கறதுன்னு தெரியல.”

அம்மா அதை வாங்கி அப்பாவின் மார்பில் வைத்தாள். அது வைத்த இடத்தில் மடிப்போடு அப்படியே இருந்தது. மகள் குனிந்து, மூக்கின் பள்ளத்தில் கண்ணாடியைப் பொருத்தினாள். உடனே அப்பாவாகிவிட்டார்.

இஸ்திரிக்காரம்மா அவளருகே நகர்ந்தாள். யார் காதிலும் விழாமல் கேட்க நினைத்துதான் கேட்டாள். ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

“பேங்க்ல விசாரிச்சுச் சொல்றேன்னார்மா. கேட்டாரா? ஏதாவது சொன்னாரா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. பேட்டரிக் கடைக்காரர் இதற்குத்தான் காத்திருந்தவர் போல ஓரடி முன்னால் வந்தார். “அதான் நானும் காலையிலேர்ந்து கேக்கறேன். விழுந்தாரா, உக்காந்திருந்தாரா? மறைக்காம சொல்லும்மா.”

“வழுக்கித்தான்…” என்று நடுக்கதவிலிருந்து அண்ணன் ஆரம்பித்தான்.

“இல்ல,” என்றாள் மகள். “உக்காந்திருந்தார்.”

வாசலில் சுடுகாட்டு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரும் அசையவில்லை. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் யாரையும் பார்க்காமல் இஸ்திரிக்காரம்மாவின் கையைப் பிடித்தாள்.

“வாங்க. அவர் கடைசியா என்ன படிச்சார்னு காட்டறேன்.”

கடைக்குள் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். டைக்காரன் அட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். அவள் கையை நீட்டினாள். கதவிடுக்கில் தெருவே நின்றது. அவனால் அதைச் சட்டைக்குள் சொருக முடியவில்லை, கொடுத்தான்.

நேற்றும் இப்படித்தான். இஸ்திரிக்காரம்மா காலையில் வந்து, உங்கள் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறதாம், வங்கியில் சொல்கிறார்கள் என்று அழுதுவிட்டுப் போனாள். அப்பா சிரித்துச் சமாளித்து அனுப்பினார். பிறகு அட்டையை எடுத்துத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவர். தன் கண்ணுக்கு மட்டும் பழைய பவரிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். என்னுடையது கழுகுக் கண் என்று வீம்பு. மேலே உள்ளதெல்லாம் மனப்பாடம், படிக்கவே தேவைப்பட்டதில்லை. நெஞ்சை நீவிக்கொண்டே, வாயு என்று சொல்லிக்கொண்டே, போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “லென்ஸ் போடு,” என்றார். அவள் விளையாட்டு என்று நினைத்தாள். போட்டாள். பவரைக் கூட்டிப் போட்டாள். அவர் உதடு மட்டும் அசைய, கடைசி வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படித்தார். பிறகு, “லென்ஸ் அழுக்கா இருக்கு. தொடைச்சுப் போடு,” என்றார். அவள் கழற்றி, வெளிச்சத்துக்குத் திரும்பி, தலைப்பால் துடைத்தாள். திரும்பிப் பார்க்கும்போது உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. மடியில் அட்டை இருந்தது.

லென்ஸில் அழுக்கு எதுவும் இருக்கவில்லை.

இஸ்திரிக்காரம்மாவின் மூக்கில், லென்ஸ் மாற்றிப் பார்க்கிற வட்டச் சட்டத்தை மாட்டினாள். காதோரம் சரிசெய்தாள். பெட்டியிலிருந்து நேற்றைய லென்ஸையே எடுத்தாள். சட்டத்தில் அதை இறக்கியபோது கிளிக் என்றது.

“கவலை இல்லாத கடன்,” என்று ஆரம்பித்தாள் இஸ்திரிக்காரம்மா, அட்டையைப் பார்க்காமலேயே. “வீட்டுக்கு, தொழிலுக்கு…”

“மேல வேண்டாங்க. அடியில.”

“அது அச்சகத்து…”

“இல்ல. படிங்க. சத்தமா.”

இஸ்திரிக்காரம்மா கழுத்தை முன்னால் நீட்டினாள். கூடத்திலிருந்து அம்மா எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். வண்டிக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு, உள்ளே என்னவோ என்று விட்டுவிட்டார்.

“இ… இந்தச் சலுகை… விபத்தினால்… ஏற்படும்…” அவள் நிறுத்தினாள். கண்ணைக் கொட்டினாள். “சரியாத் தெரியலம்மா. கண்ணாடி அழுக்கா இருக்கா பாரேன். கொஞ்சம் தொடைச்சுப் போடேன்.”

மகளின் கை தன்னால் சட்டத்துக்குப் போனது. பாதியில் நின்றது. அவள் அந்தக் கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எங்கும் திரும்பவில்லை.

“சுத்தமாத்தாங்க இருக்கு. நான் இங்கயே நிக்கறேன். நீங்க படிங்க.”

இஸ்திரிக்காரம்மா வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். அவள் பின்னால், பேட்டரிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த ஆளாக வந்து நின்றார்.